வெள்ளேரி கூட்டுரோட்டில் நான்காவது ஆணி

டிக்கியில் வீல் ஸ்பேனர் இல்லை, சார். தேடாதீர்கள். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது. ஸ்பேனர் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் அதைப் போட மறந்துவிட்டேன். மறைக்க நினைத்ததில்லை.

பின் கதவில் இருக்கும் பள்ளத்தையும் பார்த்துவிட்டீர்கள். இப்போது தடவிப் பார்க்கிறீர்களே, அதுதான். வேறு வண்டி எதுவும் மோதவில்லை. ஒரு மனிதரின் தலை மோதியது. பெயிண்ட் போகவில்லை, தகடு மட்டும் உள்ளே போயிருக்கிறது. டிங்கரிங் செய்கிறவர் ஒரு மணி நேரத்தில் வெளியே இழுத்துவிடலாம் என்றார்.

பயந்துவிடாதீர்கள், சார். உட்காருங்கள். வாங்குகிறீர்களோ இல்லையோ, முழுக்கக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். எதைச் செய்தாலும் யாரும் குறை சொல்லக் கூடாது என்று பயந்து பயந்து செய்கிறவன். வண்டி வாங்கிய அன்றிலிருந்து எல்லாவற்றையும் போனில் குறித்து வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றிய தேதி, காற்று, கிலோமீட்டர், எல்லாம்.

டயர் வால்வுகளில் மூடி மாதிரி நான்கு சென்சார் இருக்கின்றன, பாருங்கள். நானே வாங்கி மாட்டியவை. டேஷ்போர்டில் அந்தச் சின்னத் திரை தெரிகிறதா? நான்கு சக்கரத்தின் காற்றையும் அது காட்டும். சாதாரணமாக முப்பத்து மூன்று. இருபத்தாறுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரிந்து கத்த ஆரம்பிக்கும். அது கத்தினால் எனக்கு அவமானமாக இருக்கும், சார். வண்டியில் என்னோடு இரண்டு பேர் வருவார்கள். இரண்டு பேரும் கம்பெனியில் எனக்கு மேலே இருப்பவர்கள்.

தணிகைவேல் சார் குவாலிட்டியில் சீனியர். ரூபன் என்னைவிட ஒரு வருடம் முந்தியவன். இரண்டு பேரையும் வந்தவாசியில் ஏற்றிக்கொள்வேன். அங்கிருந்து கம்பெனி ஒன்றேகால் மணி நேரம். தணிகை சார் முன் சீட்டில் உட்கார்ந்து, “ஜெகா, ஏசியக் கொஞ்சம் ஏத்து” என்பார். அவர் என்னை ஜெகா என்று கூப்பிட்டது இந்த வண்டி வந்த பிறகுதான். அதற்கு முன்னால் “இந்தாப்பா” தான்.

முதல் பஞ்சர் ஒரு திங்கட்கிழமை. வெள்ளேரி கூட்டுரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது விளக்கு எரிந்தது. கூட்டுரோட்டில் ஒரே ஒரு பஞ்சர் கடை. தகரக் கொட்டகை, ஒரு கம்பிரஸர், டயரை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி. கடைக்காரர் ஞானதிரவியம். திருநெல்வேலிப் பக்கம். பதினோரு வருடமாக அங்கேதான் இருக்கிறாராம். இடது பின் சக்கரத்திலிருந்து குறடால் ஓர் ஆணியைப் பிடுங்கினார். இரண்டரை அங்குலம். துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“வச்சுக்கிடுங்க தம்பி. பேனா இல்லாத அன்னைக்கு இத வச்சு எழுதலாம்.”

நான் அதை ஒரு ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி வைத்தேன். அது என் பழக்கம்.

இரண்டாவதும் திங்கட்கிழமை. இந்த முறை கடையைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போய் எரிந்தது, திரும்பி வந்தோம். மூன்றாவதும் திங்கட்கிழமை. கடைக்குக் கொஞ்சம் முன்னால். மூன்றுக்கும் என் குறிப்பில் ‘வெள்ளேரி’ என்றே எழுதினேன். ஒரு கிலோமீட்டர் இப்படி அப்படி, அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது இல்லையா?

மூன்றாவது தடவை திரவியம் சிரித்துவிட்டார். “என்ன தம்பி, திங்கக்கெழமையானா வந்துருதிய? ஒங்க வண்டிக்கும் நம்ம கடைக்கும் பொருத்தம் பாத்து முடிச்சு போட்டுட்டாங்களோ? நீங்க இல்லன்னா நம்ம பொழப்பு என்னாவும்!”

ரூபன் சிரித்தான். தணிகை சார் சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் திரவியம் ஆணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இது ரோட்டுல கெடக்குத சாமான் இல்ல தம்பி. கட்டட ஆணியாக்கும். வளைஞ்சத யாரோ தட்டி நிமித்தியிருக்கான் பாருங்க. ஒங்க வீட்டுப் பக்கம் கட்டட வேல எதும் நடக்கா?”

இல்லை என்றேன்.

அது பொய் இல்லை, சார். எங்கள் தெருவில் கட்டட வேலை எதுவும் நடக்கவில்லை. அப்பா சென்ட்ரிங் மேஸ்திரி. கான்க்ரீட் போட அடிக்கிற பலகை, தகடு, முட்டு எல்லாம் இந்த வாசலில்தான் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் இரண்டு ஆட்களும் உட்கார்ந்து பலகையிலிருந்து ஆணி பிடுங்குவார்கள். பிடுங்கியதை நிமிர்த்தி மறுபடியும் டின்னில் போடுவார்கள். புது ஆணி வாங்கிக் கட்டுப்படியாகாது. இங்கே நடப்பது அவ்வளவுதான். இதைக் கட்டட வேலை என்று சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்டது கட்டட வேலை.

தணிகை சாரும் பக்கத்தில் நின்றிருந்தார். கம்பெனியில் அப்பாவைப் பற்றிக் கேட்டபோது பில்டிங் கான்ட்ராக்ட் என்று சொல்லியிருந்தேன். அதுவும் பொய் இல்லை. சென்ட்ரிங்கைக் கான்ட்ராக்டாகத்தான் எடுக்கிறார்.

வண்டி கிளம்பியதும் தணிகை சார் ஆணியைக் கேட்டு வாங்கினார். விரலில் வைத்து உருட்டினார். “நிமித்தி வெச்சிக்கிறான்டா. தானா உழுந்த ஆணிய எவன்டா உக்காந்து நிமித்துவான்? டயர்ல நேரா ஏறணும்னு தட்டி வெச்சிப் போடறான்.”

“அவரேதான சார் சொன்னாரு, நீங்க இல்லன்னா பொழப்பு என்னாவும்னு” என்றான் ரூபன்.

“திமிருடா. மூஞ்சிக்கு நேரா சொல்றான் பாரு. ஏன் திங்கக்கெழம? அன்னிக்குதான் வண்டி அதிகம். ஜெகா, நீ என்னா சொல்ற?”

எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன், சார், என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். “அதான் படிச்ச பையன்” என்று என் தோளில் தட்டினார்.

நான்காவது திங்கட்கிழமையைச் சொல்கிறேன். உங்கள் பள்ளம் அங்கேதான் வருகிறது.

கூட்டுரோடு தெரிகிற தூரத்தில் விளக்கு எரிந்தது. இடது பின் சக்கரம், இருபத்தைந்து. தணிகை சார் டேஷ்போர்டை ஓங்கிக் குத்தினார். திரையின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, பாருங்கள், அது அன்றைக்கு விழுந்தது. மூன்று திங்கட்கிழமை தாமதமாகப் போய் மேனேஜர் அவரை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். “இன்னிக்கி அவன விடமாட்டேன்” என்றார். ஒரு மாதிரி அமைதியாகச் சொன்னார்.

கடை முன்னால் ஏற்கெனவே கூட்டம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு பைக் டயர் வெடித்து, பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்திருக்கிறாள். தாடை கிழிந்து புடவை முழுக்க ரத்தம். மடியில் இருந்த பெண் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. திரவியம்தான் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த பைக் டயரில் ஆணியே இல்லை, சார். தேய்ந்துபோன டயர், வெடித்திருக்கிறது. பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அதை யாரும் பார்க்கவில்லை.

தணிகை சார் இறங்கினார். “இவன்தான்யா போடறான். ஆணி போட்டுட்டுத் தண்ணி ஊத்தறான் பாரு.”

கூட்டம் திரும்பியது. யாரோ “ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தணிகை சார் என்னைக் காட்டினார். “எங்க இன்ஜினியர் தம்பி எல்லாம் எழுதி வெச்சிக்கிறாரு. படிடா ஜெகா.”

நான் படித்தேன். தேதி, கிழமை, நேரம், காற்று, இடம். உள்ளதைத்தான் படித்தேன், ஒரு எழுத்து சேர்க்கவில்லை. திங்கள், வெள்ளேரி. திங்கள், வெள்ளேரி. திங்கள், வெள்ளேரி. நான் சத்தமாகப் பேசிப் பழகாதவன். கேட்கவில்லை, கேட்கவில்லை என்றார்கள். அதனால் இன்னொரு தடவை உரக்கப் படித்தேன். ஜிப் கவரையும் தூக்கிக் காட்டினேன்.

முதல் அடி பைக் ஓட்டி வந்தவருடையது. மனைவியின் ரத்தம் அவர் சட்டையில் இருந்தது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. செவிட்டில் அறைந்தார். திரவியம் கையிலிருந்த சொம்பு உருண்டு ரோட்டுக்குப் போனது. “என்னய்யா, நான் என்ன செஞ்சேன்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன் இடுப்பில் உதைத்தான். அப்புறம் யார் யார் என்று எனக்குத் தெரியாது. பால் கேன் வைத்திருந்த ஒருவர் இறங்கி வந்து இரண்டு உதை உதைத்துவிட்டு, மறுபடி வண்டியில் ஏறிப் போனார். அவருக்குப் பால் நேரம்.

தணிகை சார் டிக்கியைத் திறந்தார். சக்கரத்தைக் கழற்றத்தான் ஸ்பேனரை எடுக்கிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வலது மணிக்கட்டில் ஒரு அடி. காய்ந்த தென்னம்மட்டையை மிதித்தால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது. திரவியம் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார். கை ஒரு பக்கமும் விரல்கள் வேறு பக்கமுமாக இருந்தன. இரண்டாவது அடி முழங்காலில். அப்போதுதான் கத்தினார்.

அப்புறம் நான்கைந்து பேர் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், டயர் முக்குகிற தொட்டியில் தலையை அமுக்கினார்கள். “முட்டை வருதா பாரு, முட்டை வருதா பாரு” என்று ஒருவன் சொன்னான். காற்று எங்கே கசிகிறது என்று தண்ணீரில் குமிழி பார்ப்போமே, அந்த முட்டை. சிலர் சிரித்தார்கள். ரூபன்கூடச் சிரித்தான், பயத்தில் வருகிற சிரிப்பு. தூக்கினார்கள், மறுபடி அமுக்கினார்கள். மூன்றாவது முறை தொட்டியின் விளிம்பில் இடது கண் பட்டுவிட்டது. தண்ணீர் சிவப்பாகிவிட்டது, சார். கறுப்புத் தண்ணீர்தான், ஆனாலும் சிவப்பு தெரிந்தது.

திமிறிக்கொண்டு என் வண்டி வரைக்கும் வந்தார். என்னிடம்தான் வந்தார். “தம்பி, நீங்க சொல்லுங்க தம்பி. படிச்சவுக சொன்னா கேப்பாங்க. நான் போடலன்னு சொல்லுங்க.” அப்போது பின்னாலிருந்து யாரோ அவர் தலையைப் பிடித்துக் கதவில் மோதினார்கள். அதுதான் இந்தப் பள்ளம்.

போதும் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவை என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஒரு விரலால்கூட அவரைத் தொடவில்லை. என் ஒரு கையில் போன், இன்னொரு கையில் ரூபனின் லேப்டாப் பை.

போலீஸ் வந்தது. புகார் எழுதித் தரச் சொன்னார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஆளாளுக்கு என்னைக் காட்டினார்கள். எழுதினேன். ‘ஆணிகளை வேண்டுமென்றே நிமிர்த்திச் சாலையில் போட்டு’ என்ற வரி தணிகை சார் சொல்லச் சொல்ல எழுதியது. மற்றதெல்லாம் நானே எழுதியது. யார் அடித்தது என்ற இடத்தில் ‘பொதுமக்கள்’ என்று போடச் சொன்னார். போட்டேன். திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஸ்பேனரைத் தண்ணீரில் எறிந்தார். வண்டியையும் விற்றுவிடு, அந்தப் பள்ளத்தோடு ஓட்டாதே என்றார். என்மேல் அவருக்கு அக்கறை உண்டு. அடுத்த மாதம் எனக்குக் கன்ஃபர்மேஷன், அவர்தான் எழுத வேண்டும்.

திரவியத்துக்கு இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்தே ரிமாண்ட் செய்தார்கள். இப்போது ஜெயிலில் இருக்கிறார். இருபத்து மூன்று நாள் ஆகிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி டயரைக் கழற்ற முடியாது என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி இங்கே வந்தார். பெயர் எஸ்தர். புகாரில் என் முகவரி இருந்திருக்கிறது. இந்த கேட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றித் திருப்பினார். அடியில் ஓர் ஆணி. அதைக் கையால் பிடுங்கி, “பிள்ளைக நடக்குத எடம்” என்று சொல்லி, பத்திரமாக மதில்மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“வியாழக்கெழமை பதினோரு மணிக்கு ஜாமீன் விசாரண தம்பி. புகார் குடுத்தவுகளே வந்து, போட்டத நாங்க பாக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாகன்னு வக்கீல் சொன்னாரு. உள்ள கண்ணுல சீழ் வச்சிருக்கு. அவுகள நான் வீட்டுல வச்சு மருந்து போட்டுக்கிடுதேன். வேற ஒண்ணும் வேண்டாம். உங்க மேல எங்களுக்குக் கோவமே இல்ல.”

எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன், அம்மா, என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் போய்விட்டார்.

மதில்மேல் இருந்த ஆணியை அப்பா எடுத்தார். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். “உன்கிட்ட இருக்கிற ஆணியக் கொண்டாடா” என்றார். கொண்டுவந்தேன். அன்றைக்கு ஸ்டெப்னி மாற்றியபோது பிடுங்கியதோடு நான்கு, போலீசில் ஒன்றைக் கொடுத்தது போக மூன்று இருந்தன. உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“என் சுத்தி மூஞ்சில ஒரு வெட்டு இருக்குதுடா. நான் நிமித்துனா ஆணில ஒரு கோடு விழும். இதோ கோடு. இதோ. இதோ. இது நம்ம வாசல்ல ஏறின ஆணிடா. நீ அந்தச் சுத்தியாலதான பன்னண்டாவது வரைக்கும் லீவுக்கு லீவு ஆணி நிமித்துன? உனக்குத் தெரியலியா?”

தெரியவில்லை, சார். வீட்டில் பார்ப்பதை ரோட்டில் பார்த்தால் தோன்றாது இல்லையா? போனில் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். சென்சார் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் முப்பத்திரண்டு. பிறகு முப்பத்தொன்று, முப்பது. ஆணி டயரிலேயே இருந்தால் காற்று மெதுவாகத்தான் போகும். இருபத்தாறுக்கு வரும்போது வெள்ளேரி வந்திருக்கும். இது முதல் வருடப் பாடம். நான் விளக்கு எரிந்த இடத்தை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பா அறைந்தார். பிறந்ததிலிருந்து என்னை அடித்ததில்லை. படிக்கிற பிள்ளை என்று வீட்டில் யாரையும் அடிக்க விட்டதில்லை. பலகை தூக்குகிற கை, சார். இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அதனால்தான் நீங்கள் சொல்வதை இரண்டு தடவை கேட்கிறேன். “கோர்ட்டுல நான் போய் சொல்றேன், அது என் ஆணின்னு” என்றார்.

யோசித்துப் பாருங்கள், சார். அவர் போய்ச் சொன்னால் கேஸ் அவர்மேல் திரும்பும். என் புகார் பொய்ப் புகார் ஆகும். தணிகை சார் பெயர் வரும். ஒரு எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தால் எனக்கு இந்த வேலையும் இல்லை, வேறு எந்த வேலையும் இல்லை. இவ்வளவு தூரம் வந்தது எதற்கு? நான் பேசித்தான் பார்த்தேன். நான்கு நாளாகப் பேசினேன்.

ஆமாம், இன்றைக்கு வியாழக்கிழமைதான்.

அந்தத் தட்டுகிற சத்தமா? அது ஒன்றுமில்லை. பின்னறையில் அப்பா. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். குடை எடுக்க உள்ளே போனார், நான் வெளியே தாழ் போட்டேன். பன்னிரண்டு மணிக்குத் திறந்துவிடுவேன். உள்ளே தண்ணீர், இட்லி எல்லாம் வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். உங்கள் பேச்சுச் சத்தம் கேட்டிருக்கும்.

இப்படித்தான் தட்டுவார். நிறுத்திவிடுவார்.

எங்கே போகிறீர்கள், சார்? கேட் இந்தப் பக்கம். அது எங்கள் வீட்டு விஷயம், நீங்கள் வண்டி பார்க்க வந்தவர். மணி ஒன்பதரைதான் ஆகிறது, இப்போது திறந்தால் அவர் கோர்ட்டுக்குப் போய்விடுவார். அப்பா, சும்மா இரு! கதவை உடைக்காதே! சார், சொன்னால் கேளுங்கள். விலையை வேண்டுமானால் குறைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தாழ்ப்பாளைத் தொடாதீர்கள்.

இந்தக் கட்டையை எப்போது எடுத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை, சார். அன்றைக்கு அத்தனை பேர் அடித்தார்கள், நான் ஒருவரையும் அடிக்கவில்லை. உங்களிடம் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிட்டேன். தள்ளி வாருங்கள். இன்றைக்கு என்னை அடிக்க வைத்துவிடாதீர்கள்.